கேட்காமல் குறைத்தது

இதை எழுதுவதற்கு எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நம் தெருப் பிள்ளையார் கோயில் விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கமிட்டிப் பிள்ளைகள் வருஷா வருஷம் வந்து நிற்பார்கள். நானும் மாவிளக்கு, கோலம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது என்று அப்போதும் தெரியும். பேனாவை எடுத்தால் கை கூசும். எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழையில்லாமல் எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். படிப்பு காரணமில்லை என்பது அண்ணாமலையாருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்த பாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரைப் பற்றி இந்தத் தெருவில் பலருக்கும் ஒரு கதை தெரியும். சாகப் பிழைக்கக் கிடந்த மனுஷன் பாடின பாட்டை எல்லாம் பாய் அழித்துவிட்டார் என்பது அந்தக் கதை. அது என் வாயிலிருந்து கிளம்பியது. பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன்.

பாய்க்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா காலத்திலிருந்து மைக் செட் வைத்திருந்த குடும்பம். காதுகுத்து, கல்யாணம், அம்மன் கோயில் திருவிழா, சந்தனக்கூடு எதுவானாலும் அவர்கள் வீட்டுக் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்களாம். இவர் மட்டும் குழாய் கட்டுவதை விட்டுவிட்டுப் பதிவு செய்கிற வேலைக்கு வந்துவிட்டார். செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் பேச்சு, தியான வகுப்பு, யாராவது குழல் வாசித்தால் அது, எல்லாவற்றையும் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிசெய்து கொடுப்பார். மாடி அறைச் சுவரெல்லாம் கம்பளியும் பழைய மெத்தையும் அடித்து வைத்திருந்தார். அப்போது முப்பத்தைந்து வயசிருக்கும். என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை அண்ணா என்பார்.

அவரிடம் ஒரு குணம். எதையும் கேட்காமல் குறைக்கக் கூடாது. குறைப்பதே தப்பு என்று சொல்லமாட்டார். கேட்டுக்கொண்டு குறை என்பார்.

வந்த புதிதில் காலையில் அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்துவிடுவேன். நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாரே, தொப்பை போடுகிறதே என்று சர்க்கரையைக் குறைத்தேன். மூன்றாம் நாள் டம்ளரோடு கீழே வந்தார்.

“அக்கா, சக்கரை கம்மி பண்ணீங்களா?”

“ஆமா பாய். உங்க சட்டை பட்டன் எல்லாம் என்கிட்டதான் தைக்க வருது.”

“கம்மி பண்ணுங்க, தப்பில்ல. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க. மூணு நாளா என் நாக்குல ஏதோ வியாதின்னு நெனச்சி பயந்துக்கினு இருக்கேன்.”

இன்னொரு தடவை பூக்காரம்மா இரண்டு நாள் வரவில்லை. பாய் கடைப்பக்கம் போகிறார் என்று தெரிந்து, “அந்தக் கழுதைகிட்ட சொல்லுங்க, நாளைக்கு பிரதோஷம், வரலைன்னா இனிமே வரவே வேணாம்னு” என்றேன். சாயங்காலம் பூக்காரம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “யாரும்மா கழுதை?” என்று ஆரம்பித்தாள். நான் மாடியைப் பார்த்துக் கத்தினேன். பாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

“ஏன் பாய், அதைக்கூடவா போய் சொல்லுவாங்க?”

“நீங்க குடுத்தனுப்பினதுல அதுவும் இருந்துதேக்கா. எடுத்துடவான்னு உங்களைக் கேக்காம நான் எப்படி எடுக்கறது?”

பூக்காரம்மாவே சிரித்துவிட்டாள். அன்றைக்கு ஒரு முழம் கூடவே அளந்தாள்.

அவருடைய தொழிலிலும் இதே வழக்குத்தான். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். ஒருநாள் மாடியில் யாரோடோ சண்டை போடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“அவன் என்னா பண்ணான் பாய்?”

“பாருங்கக்கா, நூறு பாட்டை மொத்தமா ஒரே அடியா வெளிய அனுப்பறேன். இருபத்து நாலு பிட்ல உள்ள வெச்சதை, பதினாறு பிட்டா கம்மி பண்ணி அனுப்பிடறான். என்னடான்னு பாத்தா, போன வேலைக்கு நான் பதினாறுன்னு வெச்சேனாம். அதையே புடிச்சிக்கினான். ஒரு வார்த்தை கேக்கல.”

“பிட்டுன்னா என்னா பாய்?”

என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் காட்டினார். “அதுல ஒரு இஞ்சுக்குள்ள சின்னச் சின்னக் கோடு இருக்குல்ல? அதையெல்லாம் அழிச்சிட்டு வெறும் இஞ்ச் கோடு மட்டும் வெச்சா ஜாக்கெட் தைப்பீங்களா?”

“தலகாணி உறை தைக்கலாம்.”

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “அதேதான்க்கா! பெரிய சத்தமா பேசற பேச்சு தலகாணி உறை. பதினாறே போதும். மெதுவா, சன்னமா இருக்குது பாருங்க, அதுதான் ஜாக்கெட். அந்தச் சின்னக் கோடெல்லாம் இருந்தாத்தான் அப்புறமா அந்தச் சத்தத்தைத் தூக்கி நிறுத்த முடியும். கோட்டை அழிச்சிட்டுத் தூக்கினா வெறும் மண்ணுதான் வரும்.”

அதனால் மொத்தமாக அனுப்பி முடித்த பிறகும் விடமாட்டார். ஒரு நீள நோட்டில் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இருபத்து நாலு இருக்கிறதா என்று டிக் அடிப்பார். நூறு இருந்தால் நூறு டிக். “மொத்தமா அனுப்பறது அவன் வேலை, ஒண்ணொண்ணா பாக்கறது என் வேலை” என்பார். வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் கீழே வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் டிக் அடித்து முடிக்காமல் இறங்க மாட்டார்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் நிறுத்தம் பேர் சொல்லிக் கத்துகிற தொண்டை. விடியற்காலையில் குளித்துவிட்டு மாடியில் அண்ணாமலையார் மலையைப் பார்த்து உட்கார்ந்து நாலு பதிகம் பாடுவார். பஸ்ஸில் கத்துகிற குரலே இருக்காது. பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகத்தான் பாடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படியில் நின்று அதைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடிந்தது.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட வேண்டும், உயிருக்குப் பயமில்லை, பேச்சு வராது என்றார்கள். தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் பாய் கீழே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“அண்ணா, பாடறதை எடுத்து வெச்சிக்கலாமா? உங்களுக்கு இஷ்டம் இருந்தாத்தான்.”

அவர் தலையாட்டினார்.

பதினோரு காலை நடந்தது. நாற்பத்து மூன்று பாட்டு. பாய் பட்ட பாடு கொஞ்சமில்லை. இவருக்கும் மலைக்கும் நடுவில் எதுவும் நிற்கக் கூடாது, மைக்கானாலும் கூடாது. “அவருக்கும் எனக்கும் நடுவுல என்னா பாய் கம்பி?” என்றார். அதற்காக மைக்கைத் தள்ளி ஓரத்தில் வைக்க வேண்டியதாயிற்று. தொண்டையும் தேய்ந்துகொண்டே வந்தது. பதிவானதெல்லாம் ரொம்பச் சன்னம். “பரவால்லக்கா, இருபத்து நாலுல இருக்குது. எல்லா கோடும் இருக்கு. பின்னாடி தூக்கிக்கலாம்” என்றார் பாய்.

புதன்கிழமை வேலூருக்குக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை என் நாத்தனார் பெங்களூருக்குத் திரும்புகிறாள். போகும்போது பாட்டைக் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆட்டோ வாசலில் நிற்கிறது. பாய் மாடியில். நான் படிக்கட்டடியில் நின்று கத்தினேன். இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாமல் விட்டது இதைத்தான். கத்தின வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

“ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுக்க எத்தனை நாழி பாய்? ஊர்ல இல்லாத வித்தையா? அந்த நோட்டு, டிக்கு எல்லாம் வெள்ளைக்காரனுக்கு வெச்சிக்கோங்க. பஸ்ஸை விட்டா நீங்களா கொண்டுபோய் விடுவீங்க?”

இரண்டு நிமிஷத்தில் இறங்கி வந்து கொடுத்துவிட்டார். அவர் டிக் அடிக்காமல் கொடுத்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாத்தனார் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போனில் போயிற்று. அண்ணன் குரல் அப்படியே இருக்கிறது என்றார்கள். யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். பாய் வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

“அண்ணா, நான் குடுத்தது கம்மியானது. மொத்தமா அனுப்பும்போது பதினாறுல போயிடுச்சி. அதோட போச்சா, கம்ப்யூட்டர்ல பாட்டு இருந்த அதே பெட்டியில அதே பேர்ல போயி, அசல் மேலயே உக்காந்துக்கிச்சு. மேல எழுதட்டுமான்னு இந்த வாட்டி அவன் கேட்டான்ணா. நான்தான் சரின்னு அமுக்கிட்டேன். பதிவு பண்ற மெஷினோட கார்டையும் துடைச்சி வேற வேலைக்குப் போட்டுட்டேன். நேத்து எடுத்த வெள்ளைக்காரர் பேச்சு அதுல இருக்கு.”

நான் பொங்கிவிட்டேன். “அதான் எல்லாரும் நல்லா இருக்குன்றாங்களே! இப்ப வந்து எதுக்குய்யா சொல்ற? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவருகிட்ட சொல்ற விஷயமா இது?”

“பாட்டு இருக்குக்கா. பதினாறுலயும் பாட்டு இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி சின்னதா ஒண்ணு இருந்துது. அது போயிடுச்சி. கேக்காம கம்மி பண்ணிட்டேன். நாளை கழிச்சி சொன்னா அண்ணனால மறுபடி பாட முடியாது. அதான் இன்னிக்கே வந்தேன்.”

“முன்னாடி என்னா இருந்துது?”

“அது அண்ணனோடதுக்கா. நான் சொல்றது சரியில்ல.”

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கரகரத்த தொண்டையில், “எப்படிய்யா? நீ ஒண்ணொண்ணா பாப்பியே?” என்று கேட்டார்.

பாய் சொல்லப்போகிறார் என்று நின்றேன். அக்கா அவசரப்படுத்தினாங்க என்று ஒரு வார்த்தை. கழுதை என்றதைக்கூடக் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன்.

“பாக்கலண்ணா. என் தப்பு” என்றார். அவ்வளவுதான்.

அவர் குறைத்துச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றே. நானும் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து துண்டைத் தோளில் போட்டார். “வாய்யா, ஒண்ணு பாடிடலாம். வெளிச்சம் இருக்குது” என்றார். பேசவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் கையைப் பிடித்தேன், விலக்கிவிட்டு மேலே போனார். மாடியில் இரண்டு பேரும் மலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பாய் மைக்கைக் கம்பியில் மாட்டாமல், குறுக்கே வராமல், அவர் தாடைக்குக் கீழே பக்கவாட்டில் கையில் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டு. நடுவில் இரண்டு இடத்தில் குரல் அறுந்தது. பாடி முடித்து இருமினபோது துண்டில் ரத்தம். பாய் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாயைப் பார்த்த பார்வையை அண்ணாமலையார் மன்னிக்க வேண்டும்.

வேலூரில் பதினைந்து நாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மாடி பாய் எல்லாப் பாட்டையும் அழிச்சிட்டான், கடைசி நாள்ல ரத்தம் கக்கக் கக்கப் பாட வெச்சான். இப்படித்தான் சொன்னேன். நான் படிக்கட்டடியில் நின்றது அதில் இல்லை. தானாக வந்து சொன்னார் என்பதும் இல்லை. சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது என்பதும் இல்லை. அந்த வருஷம் நம் கோயில் திருவிழா நாதஸ்வரத்தைப் பதிவு செய்யப் பாயிடம் பேசி வைத்திருந்த கமிட்டி, அவர் வேண்டாம் என்று வேறு ஆளைக் கூப்பிட்டது. பாய் ஏன் என்று கேட்கவில்லை. நமஸ்காரம் சொன்னால் பதில் சொல்லாமல் போனவர்கள் உண்டு. அவர்களுக்கும் தினம் நமஸ்காரம் சொன்னார்.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் கீழே வந்தார். கையில் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க். வீட்டுக்காரருக்குக் கழுத்தில் துளை, அதன்மேல் மெல்லிய துணி. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதுவார்.

“கார்டைத் துடைச்சாலும் பழசு அடியில கெடக்கும்ணா, அது மேல வேற எழுதற வரைக்கும். அன்னியிலேருந்து அதைத் தொடல. சென்னையில ஒருத்தர்கிட்ட குடுத்து தோண்டச் சொன்னேன். வருமோ வராதோன்னு உங்ககிட்ட சொல்லல. முப்பத்தொண்ணு முழுசா வந்துடுச்சி. பன்னண்டு பாட்டு மேல அந்த வெள்ளைக்காரர் பேச்சு ஏறிடுச்சி. அது வராது.”

டிஸ்க்கின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். கட்டைப் பேனாவில் எழுதியிருந்தது: ‘31 முழுசு. 12 கம்மி. காரணம் நான்.’ கடைசி நாள் பாட்டை அதில் சேர்க்காமல் தனியாக வைத்து, தேதி மட்டும் போட்டிருந்தார். முப்பத்தொன்றுக்கும் டிக் அடித்த நோட்டுப் பக்கத்தையும் கிழித்துக் கூடவே வைத்திருந்தார்.

பிறகு என்னிடம் பெரிய ஹெட்போனை நீட்டினார். “முன்னாடி என்னா இருந்துதுன்னு அன்னிக்கிக் கேட்டீங்களேக்கா. அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். நீங்க கேக்கலாம்னு சிலேட்டுல எழுதிட்டாரு.”

வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், வெட்கப்படுகிற பிள்ளை மாதிரி.

காதில் மாட்டினேன். முதலில் ஒரு காக்கை. கீழே எங்கேயோ என் குக்கர். அப்புறம் அவர் மூச்சை இழுக்கிறார். இழுத்துவிட்டு, ரகசியம் பேசுகிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார்.

“இருக்கியா?”

அப்புறம்தான் பாட்டு.

அடுத்ததைப் போடச் சொன்னேன். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும். அடுப்படியில் நின்று வருஷக்கணக்காகக் கேட்டவள் நான். பாட்டுக்கு முன்னால் அவர் மலையைப் பார்த்து இருக்கியா என்று கேட்பது எனக்குத் தெரியாது. ஒன்றில் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருக்கிறார். பிறகு “சரி” என்கிறார். என்ன பதில் வந்ததோ. பன்னிரண்டில் ஒன்றையும் போடச் சொல்லிக் கேட்டேன். அந்த இடத்தில் சரளைக் கல்லில் சைக்கிள் போகிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் இருந்தது. அப்படியே பாட்டு வந்துவிட்டது. அன்றைக்குப் பாய் வந்து சொல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கார்டின் மேல் இன்னும் நாலு பேச்சு ஏறியிருக்கும். எனக்குக் கடைசிவரை கரகரப்புதான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “பாய், அன்னிக்கி நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“காப்பி போடுங்கக்கா. சக்கரை கம்மியாவே போடுங்க, இப்ப சுகர்னு சொல்லிட்டாங்க” என்றார்.

அப்போதே தெருவில் இறங்கி, நான் சொன்னது பாதி, மீதி இது என்று வீடு வீடாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த வருஷம் அவர் புதுச்சேரிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது அவர் பேரை நல்லபடியாக வைத்திருந்தவர்கள் இந்தத் தெருவில் இரண்டு வீடு இருந்தால் அதிகம்.

போன வாரம் போன் செய்தேன். “உங்களைப் பத்தி எழுதப்போறேன் பாய், எழுதட்டுமா?” என்றேன்.

“பேரு வேணாம்க்கா. என் தப்பைக் கம்மி பண்ணாம எழுதுங்க.”

“என் தப்பையும் எழுதறேன்.”

“அது உங்களோடது. உங்க இஷ்டம்” என்றார். பிறகு அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறார். விடியற்காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போகிறார். போனை ஓரமாக வைத்து, முப்பத்தொன்றில் ஒன்றைப் போட்டுவிட்டு மலையைப் பார்த்து உட்காருகிறார். பாட்டு ஓடும்போது கண்ணை மூடிச் சும்மா இருப்பார். அது தொடங்குவதற்கு முன்னால் மட்டும் அவர் உதடு அசையும். நான் படியில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த அசைவு எங்களுக்கு மிச்சமானது பாயால். அவர் எங்கே இருந்தாலும் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் முழுசாகச் சொல்லுங்கள். அவர் பதினாறில் அனுப்பினதையும் சொல்லுங்கள், நான் படிக்கட்டடியில் நின்று கத்தினதையும் சொல்லுங்கள். என் வயசைப் பார்த்தோ என் வீட்டுக்காரர் உடம்பைப் பார்த்தோ என் பங்கை விட்டுவிடாதீர்கள். நீளமாக இருக்கிறது, கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம் என்று பட்டால், தயவுசெய்து என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேளுங்கள்.